பங்குக் கோவிலில் திருமணம்: எந்த வேலை முதலில், எது பிறகு

கத்தோலிக்கப் பங்குக் கோவிலில் (பங்கு என்பது ஒரு பங்குத்தந்தையின் பொறுப்பில் உள்ள கோவில் பகுதி) திருமணம் வைக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மற்ற சபைகளின் நடைமுறை வேறு.

பங்கு அலுவலகத்துக்கு வந்து திண்டாடுகிறவர்கள் பெரும்பாலும் வேலை செய்யாமல் இருந்தவர்கள் இல்லை. எல்லா வேலையையும் பார்த்திருப்பார்கள், ஆனால் தலைகீழாக. மண்டபம் பிடித்து, பத்திரிகை அடித்து, பாதி ஊருக்குக் கொடுத்தும் முடித்த பிறகு பங்குத்தந்தையைப் பார்க்க வருவார்கள். அங்கே ஏதாவது ஒரு தாள் குறையும். தாள் வரும்வரை தேதி உறுதியாகாது. அதனால் கீழே சொல்லும் வரிசையை மாற்றாதீர்கள். பல மறைமாவட்டங்களில் (ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள பல பங்குகள் சேர்ந்தது மறைமாவட்டம்) குறைந்தது ஆறு மாதத்துக்கு முன்பே வரச் சொல்கிறார்கள். அந்த ஆறு மாதமும் பெரும்பாலும் முதல் நான்கு படிகளுக்கே போகும்.

1. உங்கள் பங்கு எது என்று தெரிந்துகொள்ளுங்கள்

மணமகன், மணமகள் இருவரில் யாராவது ஒருவருடைய பங்கில் திருமணம் நடக்கலாம். "என் பங்கு" என்றதும் பலரும் ஞானஸ்நானம் பெற்ற பங்கைச் சொல்கிறார்கள். திருச்சபைச் சட்டம் பார்ப்பது நீங்கள் வசிக்கும் இடத்தை. நிரந்தரமாகத் தங்கும் எண்ணத்தோடு குடியிருந்தாலோ, ஐந்து முழு ஆண்டுகள் வாழ்ந்திருந்தாலோ அது உங்கள் உறைவிடம். மூன்று மாதம் தங்கினால், அல்லது தங்கும் எண்ணத்தோடு வந்தால், அது பகுதி உறைவிடம். திருமணத்துக்கென்று வரும்போது ஒரு மாதம் வசித்திருந்தாலே அந்தப் பங்கில் வைக்க வழி உண்டு. வேலைக்காக வாடகைக்கு இருக்கும் வீடும் இதில் சேரும்.

இருவருக்கும் சம்பந்தமில்லாத மூன்றாவது கோவிலில் வைக்க ஆசை என்றால், சொந்தப் பங்குத்தந்தையின் அல்லது ஆயரின் அனுமதிக் கடிதம் தேவை. அழகான கோவில், பெரிய முற்றம், புகைப்படத்துக்கு நல்ல வெளிச்சம் என்று தேடிப் போகிறவர்கள் இதை முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது. தோட்டத்திலோ கடற்கரையிலோ வைக்க ஆயரின் அனுமதி வேண்டும். இருவருமே கத்தோலிக்கர் என்றால் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

2. பங்குத்தந்தையை இருவரும் சேர்ந்து சந்தியுங்கள்

ஞாயிறு பூசை முடிந்து கூட்டம் கலையும்போது கோவில் வாசலில் நின்று கேட்கும் விஷயம் இல்லை இது. நேரம் கேட்டு வாங்கி, உட்கார்ந்து பேசுங்கள். பெற்றோர் மட்டும் போய்ப் பேசிவிட்டு வருவது போதாது. மணம் செய்யப்போகிறவர்கள் சுயவிருப்பத்தோடு வந்திருக்கிறார்களா என்பதை அவர் நேரில் அறிய வேண்டும். அவருடைய முதல் கடமையே அதுதான்.

அந்தச் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டியவை: இருவரில் யாருக்காவது முன்பு திருமணம் நடந்திருக்கிறதா (பதிவுத் திருமணமும் இதில் சேரும்), இருவரும் உறவுக்காரர்களா, ஒருவர் வேறு சபையையோ வேறு மதத்தையோ சேர்ந்தவரா, யாராவது வெளிநாட்டில் நெடுநாள் இருந்தார்களா. இருவரும் ஏற்கெனவே அரசு முறையில் பதிவு செய்துகொண்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். கூச்சப்பட்டு மறைத்தால் பிந்தித்தான் தெரியவரும். பத்திரிகை போன பிறகு தெரியவந்தால் எல்லாருக்குமே சங்கடம்.

காணிக்கை விவரத்தையும் அன்றே கேளுங்கள். கோவிலுக்கு, பாடகர் குழுவுக்கு, அலங்காரத்துக்கு, கோவில் பணியாளருக்கு என்று தனித்தனியாக இருக்கும். திருமணத்தை நடத்திவைப்பவர் உரிய திருச்சபை அதிகாரம் வகுத்த காணிக்கைக்கு மேல் கேட்கக்கூடாது என்றும், வசதியில்லாதவருக்கு அருளடையாளம் மறுக்கப்படக்கூடாது என்றும் திருச்சபைச் சட்டம் 848 சொல்கிறது. கேட்பதில் தயங்க ஒன்றுமில்லை.

3. சான்றிதழ்களைச் சேருங்கள்

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இதுதான். கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

ஞானஸ்நானச் சான்றிதழ் புதிதாக எடுத்ததாக இருக்க வேண்டும். வழக்கமாக ஆறு மாதத்துக்குள் வழங்கப்பட்டதைத்தான் ஏற்பார்கள். சிறுவயதில் கொடுத்ததை லேமினேட் செய்து பத்திரமாக வைத்திருப்பவர்கள் அதை நீட்டிவிட்டு, ஏன் வாங்க மறுக்கிறார்கள் என்று கோபப்படுவார்கள். காரணம் இதுதான்: ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒருவருடைய பெயருக்கு எதிரே உறுதிப்பூசுதல், திருமணம், குருத்துவம், நிரந்தரத் துறவற வார்த்தைப்பாடு எல்லாம் பின்னால் குறிக்கப்படும். இப்போது எடுக்கும் நகலில் அந்தக் குறிப்பும் வரும். குறிப்பு எதுவும் இல்லையென்றால் அவர் மணமாகாதவர் என்பதற்கு அதுவே முதல் ஆதாரம். இருபத்தைந்து ஆண்டுக்கு முன் கொடுத்த தாளுக்கு இதெல்லாம் தெரியாது.

இதை ஞானஸ்நானம் நடந்த பங்கில்தான் வாங்க முடியும். நீங்கள் இப்போது இருக்கும் பங்கில் கிடைக்காது. ஊர் மாறி வந்தவர்கள் முதல் வேலையாக இதற்கு எழுதிப் போடுங்கள். ஞானஸ்நானப் பெயர், பெற்றோர் பெயர், தோராயமான ஆண்டு, ஞானப்பெற்றோர் பெயர் ஆகியவற்றைக் கொடுத்தால் பதிவேட்டில் தேடுவது எளிது. எதற்காகக் கேட்கிறீர்கள் என்பதையும் குறிப்பிடுங்கள். திருமணத்துக்கென்று சொன்னால்தான் குறிப்புகளோடு சேர்த்துக் கொடுப்பார்கள்.

அடுத்தது பெயர்ச் சிக்கல். பதிவேட்டில் ஞானஸ்நானப் பெயர் ஒன்று இருக்கும், பள்ளிச் சான்றிதழில் வேறொன்று, கடவுச்சீட்டில் எழுத்துக்கூட்டல் மாறியிருக்கும். சிறிய வேறுபாட்டுக்கு இரண்டும் ஒரே ஆள்தான் என்று காட்டும் கடிதம் போதும். பிறந்த தேதியோ பெற்றோர் பெயரோ மாறியிருந்தால் பதிவேட்டையே திருத்த வேண்டியிருக்கும். அதை எழுத்தர் தன் இஷ்டத்துக்கு அடித்துத் திருத்த முடியாது. ஆவணம் காட்டி மேலிடத்து அனுமதி வாங்கவேண்டி வரலாம், அதற்கு நாளாகும். சான்றிதழ் கைக்கு வந்த அன்றே எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

பதிவேடே தொலைந்துபோயிருந்தால், எரிந்துபோயிருந்தால்? ஞானஸ்நானத்தை நேரில் பார்த்த நம்பகமான ஒரே ஒரு சாட்சியின் வாக்குமூலம் போதும் என்று சட்டம் 876 சொல்கிறது. வளர்ந்தபின் ஞானஸ்நானம் பெற்றவர் என்றால் அவருடைய சொந்த உறுதிமொழியே போதும். வயதான உறவினர் யாராவது இருந்தால் அவரிடம் இப்போதே கேளுங்கள்.

உறுதிப்பூசுதல் பெறாதவர்கள், பெரிய இடைஞ்சல் இல்லையென்றால், திருமணத்துக்கு முன் பெற்றுக்கொள்ள வேண்டும். பெறாமல் நடந்த திருமணம் செல்லாமல் போய்விடாது. ஆனால் பங்குத்தந்தை வகுப்புக்கு அனுப்புவார், அதற்கும் நேரம் ஒதுக்குங்கள். துணையை இழந்தவர்கள் இறப்புச் சான்றிதழ் கொண்டுவர வேண்டும். வேறு மறைமாவட்டத்திலோ நாட்டிலோ சில ஆண்டுகள் இருந்தவர்களிடம் அங்கிருந்த பங்கின் 'மணமாகாதவர்' கடிதத்தையும் கேட்பார்கள். அடையாள அட்டை, புகைப்படம் போன்றவை பங்குக்குப் பங்கு மாறும். பட்டியலை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், காதால் கேட்டு மனதில் வைக்காதீர்கள்.

4. தடை ஏதும் உண்டா என்று பார்த்துவிடுங்கள்

தேதிக்கு முன்னால் இது வருவதற்குக் காரணம் உண்டு. விதிவிலக்கு வாங்கவேண்டியிருந்தால் பங்குத்தந்தை விண்ணப்பத்தை ஆயரகத்துக்கு அனுப்ப வேண்டும். அது எப்போது திரும்பி வரும் என்று யாராலும் நாள் குறித்துச் சொல்ல முடியாது.

*உறவுமுறை.* பக்கவழி உறவில் நான்காம் படிவரை தடை (சட்டம் 1091). படி எண்ணுவது எளிது: ஒருவரிடமிருந்து பொது மூதாதை வரை ஏறி, மறுபக்கம் இறங்கி வாருங்கள். மூதாதையை விட்டுவிட்டு மற்றவர்களை எண்ணுங்கள். அத்தை மகன், மாமன் மகள் நான்காம் படி, அதாவது தடைக்குள் வருகிறார்கள். ஆனால் விதிவிலக்குக் கேட்கலாம். தாய்மாமனும் அக்கா மகளும் மூன்றாம் படி, இன்னும் நெருக்கம். ஊரில் முறைப்பெண், முறைமாப்பிள்ளை என்பதால் யாரும் இதைத் தடையாக நினைப்பதில்லை. அலுவலகத்தில் கேட்டால்கூட "சொந்தம்தான், முறைதான்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு விண்ணப்பம் எழுதவேண்டியிருக்கிறது. இருவருடைய தாத்தாக்கள் உடன்பிறந்தவர்கள் என்றால் அது ஆறாம் படி, தடை இல்லை. நாட்டுச் சட்டம் இந்த உறவுகளை எப்படிப் பார்க்கிறது என்பதைத் தனியாக விசாரியுங்கள்.

*முந்தைய திருமணம்.* அரசு நீதிமன்றத்தின் விவாகரத்து ஆணை கையில் இருக்கிறது, போதாதா என்று கேட்பார்கள். போதாது. முந்தைய திருமணம் தொடக்கத்திலிருந்தே செல்லாதது என்று மறைமாவட்டத் தீர்ப்பாயம் தீர்ப்பளிக்க வேண்டும். 2015 டிசம்பர் 8 முதல் நடைமுறைக்கு வந்த மாற்றத்தின்படி, இரண்டு தீர்ப்பாயங்கள் ஒத்த தீர்ப்பு வழங்க வேண்டும் என்ற பழைய கட்டாயம் இல்லை. மேல்முறையீடு இல்லாவிட்டால் ஒரே தீர்ப்பு போதும். அப்படியும் இது மாதக்கணக்கில் ஓடும் வேலை. கத்தோலிக்கர் ஒருவர் முன்பு பதிவு அலுவலகத்தில் மட்டும் மணந்து பிரிந்திருந்தால் ஆவணங்களைக் கொண்டே முடிக்கலாம், சீக்கிரம் ஆகும். ஆனால் அதற்கும் ஆயரகத்தின் தாள் வேண்டும். தீர்ப்பு கையில் வரும்வரை யாரும் உங்களுக்குத் தேதி தரமாட்டார்கள், தரவும் கூடாது.

*வேறு சபை, வேறு மதம்.* ஞானஸ்நானம் பெற்ற வேறு சபையினரை மணக்க ஆயரின் அனுமதி வேண்டும். ஞானஸ்நானம் பெறாதவரை மணக்க விதிவிலக்கு வேண்டும். இரண்டுக்கும் வித்தியாசம் பெரிது: விதிவிலக்கு இல்லாமல் நடந்தால் அந்தத் திருமணமே செல்லாது. மற்றவர் மதம் மாறியே ஆகவேண்டும் என்று இரு குடும்பங்களும் நினைத்துக்கொண்டு சண்டை போடுவதைப் பார்க்கிறோம். சட்டம் அப்படிக் கேட்பதில்லை. தன் விசுவாசத்தைக் காத்துக்கொள்வதாகவும், பிள்ளைகளுக்குக் கத்தோலிக்கத் திருச்சபையில் ஞானஸ்நானம் கொடுத்து வளர்க்க இயன்றதெல்லாம் செய்வதாகவும் கத்தோலிக்கர் வாக்குக் கொடுக்கிறார். அந்த வாக்கு மற்றவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவ்வளவுதான்.

5. இப்போது தேதி

பெரிய வெள்ளியும் புனித சனியும் கிடையவே கிடையாது. தவக்காலத்திலும் திருவருகைக்காலத்திலும் திருமணம் தடையில்லை, ஆனால் ஆடம்பரத்தைக் குறைக்கச் சொல்வார்கள். சில மறைமாவட்டங்கள் இன்னும் கண்டிப்பாக இருக்கும். தவக்காலத்தில் பீடத்தைப் பூவால் அலங்கரிக்கக்கூடாது என்பது திருப்பலிப் பொதுவிதி. நான்காம் ஞாயிறும் பெருவிழாக்களும் விழாக்களும் மட்டும் விலக்கு. அலங்காரக்காரருக்கு முன்பணம் கொடுக்குமுன் இதை நினைவில் வையுங்கள்.

திருவருகைக்காலம், தவக்காலம், பாஸ்கா காலம் ஆகியவற்றின் ஞாயிறுகளிலும் பெருவிழாக்களிலும் திருமணத் திருப்பலியின் மன்றாட்டுகளைப் பயன்படுத்த முடியாது. அந்த நாளுக்குரிய திருப்பலிதான், மணமக்களுக்கான ஆசி மட்டும் சேரும். சனி மாலைத் திருப்பலி ஞாயிறின் கணக்கு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

பங்குத்தந்தை தேதியைக் குறிப்பேட்டில் எழுதிய பிறகு மண்டபத்துக்குப் போங்கள். பத்திரிகை அதற்கும் பிறகு.

6. திருமண முன்தயாரிப்பு வகுப்பு

மறைமாவட்டம் நடத்தும் வகுப்புக்கு இருவரும் போக வேண்டும். சான்றிதழ் கொடுப்பார்கள், அது கோப்பில் சேரும். இடம் சீக்கிரம் நிரம்பிவிடுவதால் தேதி கிடைத்த வாரமே பெயர் கொடுங்கள். வெளிநாட்டில் இருப்பவர் அங்கேயே முடிக்கலாமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். முடித்துவிட்டு வந்து கேட்டால் சிலநேரம் செல்லாது என்பார்கள்.

7. தனித்தனி விசாரணையும் ஓலையும்

பங்குத்தந்தை மணமகனையும் மணமகளையும் தனித்தனியாக உட்காரவைத்துக் கேள்விகள் கேட்டு, பதிலை எழுதிக் கையெழுத்து வாங்குவார். வற்புறுத்தல் உண்டா, பிரியாமல் வாழும் எண்ணம் உண்டா, பிள்ளைப்பேற்றை ஏற்கிறீர்களா, ஏதாவது நிபந்தனை மனதில் இருக்கிறதா என்பது போன்றவை. தனித்தனியாக என்பது முக்கியம். பெற்றோர் பக்கத்தில் இருந்தால் உண்மையான பதில் வராது. கூட வந்த அம்மா, அப்பா வெளியே காத்திருக்கட்டும்.

பிறகு ஓலை, அதாவது திருமண அறிவிப்பு. பல இடங்களில் அடுத்தடுத்த மூன்று ஞாயிறு வாசிப்பார்கள், சில இடங்களில் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள். தடை தெரிந்தவர்கள் சொல்லக் கடமைப்பட்டவர்கள், அதற்குத்தான் இது. இருவரும் வெவ்வேறு பங்கு என்றால் இரண்டு பங்கிலும் வாசிக்க வேண்டும். வாசித்து முடிந்து, ஆட்சேபணை இல்லை என்ற கடிதம் திருமணம் நடக்கும் பங்குக்கு வந்துசேர வேண்டும். 'ஓலை வாசிச்சாச்சு' என்று வாயால் சொன்னால் போதாது. அந்தக் கடிதத்தைத் தபாலை நம்பி விடாமல் கையோடு வாங்கி வருவது என் யோசனை.

8. வெளியிலிருந்து குருவை அழைத்தால்

உறவுக்கார ஃபாதர் திருமணத்தை நடத்திவைக்க வேண்டும் என்று ஆசைப்படுவது இயல்பு. திருமணம் செல்ல வேண்டுமானால் அந்த இடத்து ஆயரோ பங்குத்தந்தையோ அவர்களிடம் அதிகாரம் பெற்ற குருவோ திருத்தொண்டரோ இரண்டு சாட்சிகள் முன்னிலையில் சம்மதத்தைக் கேட்டுப் பெற வேண்டும் (சட்டம் 1108). வெளியூர் குரு எவ்வளவு மூத்தவராக இருந்தாலும் அந்தப் பங்கில் அவருக்குத் தானாக அதிகாரம் வராது. இன்னார் இன்னாருடைய திருமணத்துக்கு என்று அவர் பெயர் குறித்துப் பங்குத்தந்தை அதிகாரம் தர வேண்டும். எழுத்தில் வாங்கிக் கோப்பில் வையுங்கள். இது மரியாதைக்காகக் கேட்கும் தாள் இல்லை. இது இல்லாவிட்டால் திருமணம் செல்லுமா என்ற கேள்வியே எழும்.

9. அரசுப் பதிவு

இது நாட்டுக்கு நாடு மாறும். சில நாடுகளில் கோவில் திருமணமே அரசுக்கும் செல்லும், சில இடங்களில் தனியாகப் பதிய வேண்டும். பிரான்சில் நகராட்சியில் திருமணம் முடிந்த பிறகுதான் கோவிலில் நடக்கலாம். அரசுக்கு முன்னறிவிப்பு கொடுத்துக் காத்திருக்கவேண்டிய நாள் எத்தனை என்று கேட்டு, ஐந்தாம் படியில் எடுத்த தேதியோடு ஒத்துப்பாருங்கள்.

10. வழிபாட்டைத் தயார் செய்யுங்கள்

திருப்பலியோடா, திருப்பலி இல்லாமலா என்பது முதல் முடிவு. ஒருவர் ஞானஸ்நானம் பெறாதவர் என்றால் திருப்பலி இல்லாத சடங்கு. வேறு சபையினர் என்றாலும் அதுவே வழக்கமான வழி. ஆயரின் சம்மதத்தோடு திருப்பலியும் வைக்கலாம், ஆனால் பாதிக் குடும்பம் நற்கருணை வாங்காமல் உட்கார்ந்திருக்கும். அந்தச் சங்கடத்தை இரு வீட்டிலும் பேசிவிட்டு முடிவெடுங்கள்.

வாசகங்களில் குறைந்தது ஒன்றாவது திருமணத்தை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். எல்லாருக்கும் பிடித்த 1 கொரிந்தியர் 13 அன்பைப் பற்றிப் பேசுகிறது, திருமணம் என்ற பேச்சே அதில் இல்லை. அதை எடுத்தால் கூடவே தொடக்க நூல் 2:18-24 அல்லது மத்தேயு 19:3-6 போன்ற ஒன்றைச் சேருங்கள். விவிலியம் அல்லாத கவிதையை வாசகத்துக்குப் பதிலாக வைக்க முடியாது. வாசிப்பவர் யார் என்று அன்றே முடிவு செய்து, பகுதியை முன்கூட்டியே கையில் கொடுங்கள். கடைசி நிமிடத்தில் சித்தப்பாவை மேடையேற்றினால் எபேசியர் எங்கே இருக்கிறது என்று புரட்டிக்கொண்டிருப்பார்.

சம்மத வார்த்தைகள் சடங்கு நூலில் இருப்பவைதான். சொந்தமாக எழுதியதை விருந்தில் வாசித்துக்கொள்ளுங்கள். பாடல் பட்டியலைப் பாடகர் குழுவிடம் கொடுக்குமுன் பங்குத்தந்தையிடம் காட்டுங்கள். சினிமாப் பாட்டு வேண்டும் என்ற பேச்சு எப்படியும் வரும், வேண்டாம் என்று சொல்லும் வேலையை அவரிடமே விட்டுவிடலாம்.

11. ஒத்திகை, பாவசங்கீர்த்தனம், புகைப்படக்காரர்

முந்தின நாளோ அதற்கு முன்போ ஒரு ஒத்திகை. மணமக்களும் இரண்டு சாட்சிகளும் மோதிரம் வைத்திருப்பவரும் வந்தால் போதும். பாவசங்கீர்த்தனத்தை அன்றே முடித்துவிடலாம். திருமண நாள் காலையில் அதற்கு நேரம் கிடைக்காது.

புகைப்படக்காரரையும் அழைத்து வாருங்கள். எங்கே நிற்கலாம், பீடத்தருகே எங்கே கூடாது என்பதைப் பங்குத்தந்தை அவரிடம் நேரடியாகச் சொல்லட்டும். மோதிரம் போடுவதை "இன்னொரு தடவை" என்று கேட்கக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

12. திருமண நாள்

சாட்சிகள் இருவர், அவர்கள் சம்மதம் சொல்லும் நேரத்தில் கோவிலுக்குள் இருக்க வேண்டும். யாரையோ அழைத்துவரப் போகிறேன், வண்டியை நிறுத்திவிட்டு வருகிறேன் என்று வெளியே நின்றவர் பிறகு வந்து கையெழுத்துப் போட முடியாது, அவர் எதையும் பார்க்கவில்லை. திருச்சபைச் சட்டப்படி சாட்சிகள் கத்தோலிக்கராக இருக்கவேண்டும் என்றில்லை, நடப்பதைப் புரிந்துகொண்டு சாட்சி சொல்லக்கூடியவராக இருந்தால் போதும். அரசுச் சட்டம் வயது வரம்பு வைத்திருக்கலாம். அடையாள அட்டையைக் கையில் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

பதிவேட்டில் கையெழுத்திடுமுன் பெயர், பிறந்த தேதி, பெற்றோர் பெயர் மூன்றையும் மணமக்களே ஒருமுறை படியுங்கள். மாலையும் கூட்டமும் வாழ்த்தும் அவசரப்படுத்தும், பரவாயில்லை, காத்திருக்கட்டும். அந்த நேரத்தில் திருத்துவது எளிது, பத்து ஆண்டு கழித்து விசாவுக்காகத் திருத்துவது அப்படியில்லை.

13. பிறகு

திருமணச் சான்றிதழை வாங்குங்கள், இரண்டு பிரதி கேளுங்கள். திருமணம் நடந்த பங்கு, இருவரும் ஞானஸ்நானம் பெற்ற பங்குகளுக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும். அங்கே பதிவேட்டில் உங்கள் பெயருக்கு எதிரே இந்தத் திருமணம் குறிக்கப்படும். ஒருவர் மட்டுமே கத்தோலிக்கர் என்றால் ஒரே அறிவிப்பு. இந்தத் தபால் பல நேரம் போவதே இல்லை, போனாலும் மேசை இழுப்பறையில் தங்கிவிடுகிறது. சில மாதம் கழித்து ஞானஸ்நானப் பங்குக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போட்டு, குறிப்பு ஏறியதா என்று கேளுங்கள். ஏறவில்லை என்றால் திருமணச் சான்றிதழின் நகலை அனுப்பி எழுதச் சொல்லுங்கள்.